நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: சோறும் கறியும் சரி, விட்டுப்போவது எது?

தயிர்சாதம் தின்றே பன்னிரண்டு வயது வரை இருந்த நாயைப் பற்றி எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். அந்த நாய் பாதி நாள் வெளியே சுற்றி, எலி, கறிக்கடைத் துண்டு, மண்டபத்து மிச்சம் என்று தன் குறையைத் தானே தீர்த்துக்கொண்டது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மாடி வீட்டுக்குள் வளரும் நாய்க்கு அந்த வழி கிடையாது. நீங்கள் தட்டில் வைப்பதைத் தவிர வேறொன்றும் அதன் வாய்க்குப் போகாது. அதனால்தான் கணக்கு தேவைப்படுகிறது.

நாய்க்கு அரிசியே ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான். நாய்க்கு 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்து சோற்றுக்குப் பழகிய விலங்கு அது. குறை சோற்றிலும் இல்லை, கறியிலும் இல்லை. இரண்டிலுமே இல்லாத சில கிராம், சில மில்லிகிராம் சத்துகளில்தான் இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது. பல குறிப்புகளில் ஒரே சத்துகளே குறைந்ததால், நாளுக்கொரு குறிப்பாக மாற்றி மாற்றிச் சமைத்தாலும் அந்தக் குறை தீராது.

இங்கே சொல்வது வளர்ச்சி முடிந்த, நோயில்லாத நாய்க்கு மட்டும். குட்டிகளைப் பற்றிக் கடைசியில் தனியாக இருக்கிறது.

எவ்வளவு போட வேண்டும்

முதலில் நாயின் எடை. வீட்டுத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். அடுத்து கைபேசியின் கால்குலேட்டரில் அந்த எடையை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்குங்கள். வருவதற்கு வர்க்கமூலம், அதற்கு மறுபடியும் ஒரு வர்க்கமூலம் எடுங்கள். பிறகு 70-ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு 10 × 10 × 10 = 1000; முதல் வர்க்கமூலம் 31.6, இரண்டாவது 5.62, 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 394 கலோரி. நாய் சும்மா படுத்திருந்தாலே செலவாகும் அளவு இது. கருத்தடை செய்த, காலை மாலை நடைபோகும் நாய்க்கு இதை 1.4 முதல் 1.6 வரை பெருக்கவேண்டும். அதாவது 550 முதல் 630 கலோரி.

20 கிலோ நாய்க்கு இதில் இரண்டு மடங்கு வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள், 1.7 மடங்கு போதும். இரண்டு மடங்கு தேவைப்படுவது 25 கிலோ நாய்க்குத்தான். 5 கிலோ நாய்க்குப் பாதி போதாது, 0.6 பங்கு வேண்டும். பெரிய நாய் குண்டாவதும் சின்ன நாய் மெலிவதும் பல வீடுகளில் இந்த ஒரு கணக்கு தெரியாததால்தான்.

கணக்கு தொடக்கத்துக்குத்தான். அதன்பின் நாயின் உடம்பே சொல்லும். விலாவில் விரல்களை வைத்து லேசாக வருடினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் இயல்பிலேயே ஒல்லி. அவற்றுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது சரியே, அதைப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, ஏறினால் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், இறங்கினால் அதே அளவு கூட்டுங்கள்.

10 கிலோ நாய்க்கு ஒரு நாள் சாப்பாடு

எல்லாம் சமைக்கும் முன் எடை போட்ட அளவு. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கைப்பிடி, கரண்டி அளவெல்லாம் இந்த வேலைக்கு உதவாது.

எலும்பும் தோலும் இல்லாத பிராய்லர் தொடைக்கறி 200 கிராம்
ஆட்டு ஈரல் 15 கிராம்
அரிசி 55 கிராம்
முட்டை ஒன்று
பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் சேர்த்து 60 கிராம்
நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன்
முட்டையோட்டுப் பொடி 2 கிராம்

மொத்தம் 585 கலோரி அளவுக்கு வரும், புரதம் 50 கிராமைத் தாண்டும். இதைக் காலையும் மாலையும் என்று இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

நெஞ்சுக்கறிக்குப் பதில் தொடைக்கறி சொல்வதற்குக் காரணம் அதில் துத்தநாகமும் கொழுப்பும் சற்றுக் கூடுதல் என்பதுதான். அரிசி புழுங்கலோ பச்சையோ, ரேஷன் அரிசியோ எதுவானாலும் சரி, குழைய வேகவேண்டும். ஈரலில் மட்டும் பேதம் உண்டு. ஆடு, மாட்டு ஈரலில் செம்புச்சத்து மிகுதி; கோழி ஈரலில் மிகச் சொற்பம். கோழிக்கறியும் கோழி ஈரலுமாகவே போட்டால் வைட்டமின் ஏ வந்துவிடும், செம்பு வராது. அதே சமயம் ஈரல் நல்லது என்று நூறு கிராம், இருநூறு கிராம் என தினமும் போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போய் எலும்பைக் கெடுக்கும். மருத்துவர் கல்லீரல் கோளாறு சொன்ன நாய்க்கு ஈரலைக் கேட்காமல் போடக்கூடாது.

எண்ணெயிலும் ஒரு சிக்கல். முடி மினுமினுக்கும் என்று தேங்காயெண்ணெய் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நாயின் தோலுக்கும் முடிக்கும் தேவைப்படும் லினோலிக் அமிலம் தேங்காயெண்ணெயில் இரண்டு சதவீதம் போலத்தான் இருக்கிறது. நல்லெண்ணெயில் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, சூரியகாந்தியில் அதற்கும் மேல். உப்பு போட்டால் முடி கொட்டும் என்பதும் ஊரெல்லாம் நம்பும் பேச்சு. ஒரு சிட்டிகை உப்பால் முடி கொட்டாது. உண்ணியோ பூஞ்சையோ, லினோலிக் அமிலம், துத்தநாகம் போன்றவற்றின் குறையோ இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

வாரத்தில் இரண்டு நாள் 60 கிராம் கோழிக்குப் பதில் 60 கிராம் மத்தி மீன் போடுங்கள். ஒமேகா-3 கொழுப்பும் கொஞ்சம் வைட்டமின் டி-யும் அதிலிருந்து கிடைக்கும். தலையும் குடலும் நீக்கி, குக்கரில் நன்றாக வேகவைத்தால் முள் விரலால் நசுக்கும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். ஆகாவிட்டால் முள்ளை எடுத்துவிடுங்கள். கருவாடு வேண்டாம், அதன் உப்பு நாய்க்கு மிக அதிகம். இன்னொரு நாள் கோழிக்குப் பதில் கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ போட்டால் துத்தநாகம் கூடும்.

முட்டையோடு: விடவே கூடாத இரண்டு கிராம்

மேலே சொன்ன பட்டியலில் ஒன்றை மறந்தால் மற்றதெல்லாம் வீண் என்றால், அது கால்சியம்தான். 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் போல இருக்கிறது. கால்சியம் வெறும் 10. நாய்க்கு வேண்டியது கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ. உணவில் கால்சியம் போதாதபோது உடம்பு எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. அதனால் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் அளவு சரியாகவே காட்டும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். தாடை மெலிவது, பல் ஆடுவது, லேசாகக் குதித்ததும் கால் முறிவது என்று வெளியே தெரியும்போது மாதங்கள் கடந்திருக்கும்.

கேழ்வரகுக் கூழ் ஊற்றினால் போதாதா என்று கேட்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் சுமாருக்குக் கால்சியம் உண்டு, தானியங்களில் அது பெரிய அளவுதான். ஆனால் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது 750 மில்லிகிராம். அரிசிக்குப் பதிலாக 55 கிராம் கேழ்வரகு போட்டாலும் 200 மில்லிகிராம்கூட வராது. அதிலும் தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியைக் கட்டிப்போட்டுவிடும். பாலும் தயிரும் இந்தக் கணக்கை எட்ட வேண்டுமானால் அரை லிட்டருக்கு மேல் வேண்டும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அவ்வளவு பால் வயிற்றைக் கலக்கும்.

முட்டையோட்டில் ஏறக்குறைய 38 சதவீதம் கால்சியம். 2 கிராம் பொடியில் 760 மில்லிகிராம் கிடைத்துவிடும். ஓடுகளைக் கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். கிருமி போக இது அவசியம். வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்து, ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் மாவாக அரைத்துச் சலியுங்கள். விரலுக்கிடையே தேய்த்தால் நறநறக்கக் கூடாது. கொரகொரப்பாக இருந்தால் குடலை உறுத்தும், சரியாகச் செரிக்கவும் செய்யாது. ஒரு முட்டையின் ஓட்டிலிருந்து ஐந்து கிராம் போலக் கிடைக்கும், அதாவது இரண்டரை நாளுக்கு. டீஸ்பூனில் அளந்தால் அரை ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் முதல் சில நாளாவது தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப்புகாத பாட்டிலில் மாதக்கணக்கில் இருக்கும்.

முட்டையோடு இல்லாத வீட்டில் மருந்துக்கடைக் கால்சியம் கார்பனேட் மாத்திரை ஆகும். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான். மாத்திரையோடு வைட்டமின் டி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனிதர்களுக்கு வாரம் ஒன்று தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டையோ மாத்திரையையோ நாய் பக்கம் கொண்டுவரவே கூடாது. 10 கிலோ நாய்க்கு ஒரே ஒரு மாத்திரையே நஞ்சாகக்கூடிய அளவு அது.

இன்னும் விட்டுப்போவது

இவ்வளவு கவனமாகச் சமைத்தும் ஐந்து சத்துகள் பற்றாமல் போகும்: துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ. ஈரல் செம்பை ஏறக்குறைய சரிக்கட்டும். மற்றவை சமையலால் ஆகாதவை. துத்தநாகம் மேலே சொன்ன உணவில் 5 மில்லிகிராம் போல வரும், தேவை 12. பல மாதம் பற்றாமல் போனால் கண், வாய் ஓரங்களிலும் பாதத் திண்டிலும் தோல் தடித்துச் செதில் செதிலாக வரும். பலர் அதைச் சொறி என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுகிறார்கள்.

அயோடின் உப்பு இருக்கிறதே என்றால், வீட்டுக்கு வரும் உப்பில் கிராமுக்கு 15 முதல் 30 மைக்ரோகிராம்தான். நாய்க்கு வேண்டியது 150. அதை உப்பாலேயே கொடுக்க ஐந்து முதல் பத்து கிராம் உப்பு போடவேண்டியிருக்கும். வைட்டமின் டி விஷயத்தில் காலை வெயிலில் கட்டிப்போட்டால் போதும் என்ற நம்பிக்கை உண்டு. மனிதத் தோல் செய்யும் அந்த வேலையை நாயின் தோல் போதிய அளவு செய்வதில்லை. உணவிலிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே ஒரு துணைப் பொடி அல்லது மாத்திரை தேவை. கடையில் கேட்டால் 'கோட் ஷைன்', 'மல்டிவைட்டமின்' என்று பாட்டில்களை அடுக்குவார்கள். அவற்றில் பெரும்பாலும் டப்பா உணவு தின்னும் நாய்க்கு மேலதிகமாகக் கொடுக்கும் சொற்ப அளவே இருக்கும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவில் துத்தநாகம் 12 மில்லிகிராம், செம்பு 1.1 மில்லிகிராம், அயோடின் 150 மைக்ரோகிராம், வைட்டமின் டி 75 யூனிட், வைட்டமின் ஈ 8 யூனிட் என்பது விலங்கு உணவுக்கு அளவு வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு சொன்ன குறைந்தபட்ச அளவை ஒட்டிய கணக்கு. உணவில் கிடைப்பது போக மீதியை அந்தப் பொடி தருகிறதா என்பதுதான் கேள்வி. அளவே அச்சிடாத லேபிளை வாங்க வேண்டாம். இந்தச் சமையல் குறிப்பையும் பாட்டிலையும் ஒன்றாக எடுத்துப்போய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டினால் கால்சியமும் வைட்டமின் டி-யும் இரட்டிப்பாகாமல் பார்த்துச் சொல்வார். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு, மீதி கடையில் விற்கும் முழுச்சத்து நாய் உணவு என்றால் எதையும் சமன்செய்யத் தேவையில்லை. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள்தான் பிஸ்கட்டும் தயிரும் அடங்கவேண்டும். 10 கிலோ நாய்க்கு அது 60 கலோரி. இரண்டு மூன்று மாரி பிஸ்கட்டிலேயே முடிந்துவிடும்.

சமைக்கும் முறை

மூன்று நாளுக்குச் சேர்த்துச் சமைப்பது வசதி. அரிசியை நான்கு மடங்கு தண்ணீரில் குக்கரில் குழைய விடுங்கள். கறியை விரல்நுனி அளவு வெட்டி, மூழ்கும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் ஈரலைப் போடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். கறியிலிருந்து கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது. காய்களை வேகவைத்து மசித்துவிடுங்கள். நாய் மென்று தின்பதில்லை. துண்டாகப் போட்ட கேரட் துண்டாகவே வெளியே வரும். முட்டையை வேகவைத்தோ, கொதிக்கும் கறித்தண்ணீரில் உடைத்து ஊற்றியோ சேர்க்கலாம். பச்சை வெள்ளைக்கரு தினமும் போனால் பயோட்டின் என்னும் வைட்டமினை உடம்பில் சேரவிடாது.

அடுப்பை அணைத்து ஆறியபிறகே எண்ணெய், ஓட்டுப்பொடி, துணைப் பொடி. எல்லாவற்றையும் பிசைந்து ஒன்றாக்குங்கள். இல்லாவிட்டால் நாய் கறியை மட்டும் பொறுக்கிவிட்டுப் பொடி ஒட்டிய சோற்றைத் தட்டிலேயே விட்டுவிடும். பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரீசரில். நம் ஊர் வெயிலில் தட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

முதல் ஒன்பது நாள் அவசரப்படாதீர்கள். மூன்று நாள் கால் பங்கு புது உணவு, மூன்று நாள் பாதி, மூன்று நாள் முக்கால், பிறகு முழுதும். மலம் இளகினால் ஒரு படி பின்னுக்குப் போய் நில்லுங்கள். ஈரலும் எண்ணெயும் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. சுண்ணாம்புபோல வெளுத்து, காய்ந்து, முக்கி முக்கி வந்தால் ஓட்டுப்பொடி கூடிவிட்டது. வீட்டுச் சாப்பாட்டில் நீர் அதிகம் என்பதால் நாய் தண்ணீர்க் கிண்ணத்தை முன்புபோலக் காலி செய்யாது. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நம் அடுப்பங்கரையில் நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அப்படித்தான். ஆகவே நமக்கு வைத்த குழம்பில் கொஞ்சம் ஊற்றிப் பிசைவது என்ற பேச்சே கூடாது. திராட்சையும் கிஸ்மிஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் மிகுதி என்பது தெரியாது. புளி தின்ற நாய்களுக்கும் அதேபோலச் சிறுநீரகம் பழுதானது 2022-இல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சாம்பார் சாதம், புளியோதரை, ரசம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும் சொல்லவே வேண்டாம்.

வெந்த எலும்பு நீள வாக்கில் ஊசியாக உடையும். பிரியாணிக் குண்டானில் இருந்து எடுத்த கோழி எலும்பு தொண்டையிலோ குடலிலோ குத்தினால் அறுவைச் சிகிச்சையில்தான் முடியும். பிராய்லர் கடையில் மலிவாகத் தரும் தோல், கால், கழுத்து எல்லாம் சேர்ந்தாலும் முழு உணவாகாது: தோல் முழுக்கக் கொழுப்பு, கால் முழுக்கச் சவ்வும் எலும்பும். திடீரென்று ஒரு தட்டு நிறையத் தோல் தின்ற நாய்க்குக் கணைய அழற்சி வரலாம். வாந்தியும் முதுகை வளைத்து நிற்கும் வயிற்றுவலியும் அதன் அடையாளம்.

கறி வாங்காத வீடு

முட்டை உண்டென்றால் சமாளிக்கலாம். 10 கிலோ நாய்க்கு முட்டை மூன்று, பனீர் 50 கிராம், அரிசி 50 கிராம், அதே காய், எண்ணெய் அரை டீஸ்பூன், ஓட்டுப்பொடி ஒன்றேகால் கிராம். பனீரிலேயே கால்சியம் இருப்பதால் பொடி குறைகிறது. ஈரல் இல்லாததால் செம்பும், கறி இல்லாததால் துத்தநாகமும் இன்னும் கீழே போகும். துணைப் பொடி இல்லாமல் இதைத் தொடரக்கூடாது. முட்டையும் இல்லை, வெறும் பருப்பும் சோறும் தயிரும்தான் என்றால் வீட்டுக் கணக்கில் சரிக்கட்ட முயலாமல் கடை உணவுக்கு மாறுவதே நாய்க்கு நல்லது.

குட்டிக்கும் நோயாளிக்கும் இது வேண்டாம்

வளரும் குட்டிக்கு ஒவ்வொரு கலோரிக்கும் வளர்ந்த நாயைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கால்சியம் வேண்டும். குறைந்தால் கால் வில்லாக வளையும், நடக்கவே வலிக்கும். கூடினாலும் கேடு: ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அதிகக் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது. ராஜபாளையம், லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு அது மூட்டையும் எலும்பு வளர்ச்சியையும் கோணலாக்கும். வளர்ச்சி முடியும் வரை, அதாவது சிறிய இனத்துக்குப் பத்து பன்னிரண்டு மாதம், பெரிய இனத்துக்குப் பதினைந்து பதினெட்டு மாதம் வரை, குட்டிகளுக்கென்று தயாரித்த முழுச்சத்து உணவே தரவேண்டும். அதன் மேல் கால்சியம் சிரப் ஊற்றக் கூடாது. சினை நாய், பாலூட்டும் நாய், சிறுநீரகமோ கணையமோ பாதித்த நாய் ஆகியவற்றுக்கும் மேலே சொன்ன அளவுகள் பொருந்தாது. அவற்றின் சாப்பாட்டை மருத்துவர் அந்தந்த நாயைப் பார்த்து எழுதித்தர வேண்டும்.